சொந்த யாட்டில் வேறு நாட்டுக்குள் நுழைவது: சுங்கம், இமிகிரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த யாட்டில், அதாவது சொந்தப் பாய்மரப் படகில், முதன்முறையாகக் கடல் கடந்து போகத் தயாராகும் நண்பர்கள் வானிலை, பாய், எஞ்சின் பற்றியெல்லாம் மாதக்கணக்கில் படிக்கிறார்கள். கரை தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் கடைசி வாரத்தில்தான் கேட்கிறார்கள். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அடிக்கடி திருத்தவும் படும். அதனால் இங்கே சொல்லும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் கிளம்பும் முன் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விமானத்தில் போய் இறங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விமானத்தில் போனால் பாதி வேலையை விமான நிறுவனம் செய்துவிடும். விசா இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றும், பயணிகள் பட்டியலை முன்பே அனுப்பிவிடும், இறங்கியதும் ஒரே வழியாக இமிகிரேஷன் மேசைக்குக் கொண்டுபோய் விடும். சொந்த யாட்டில் அந்த நிறுவனத்தின் இடத்தில் நிற்பது நீங்கள். சட்டத்தின் கண்ணில் உங்கள் பத்து மீட்டர் படகும் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு கப்பல்தான். நீங்கள் அதன் கேப்டன். உடன் வருபவர்களின் விசாவுக்கும், குளிர்பெட்டியில் இருக்கும் பழத்துக்கும், அலமாரியில் இருக்கும் மருந்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கூட வந்த ஒருவருக்கு அனுமதி மறுத்துவிட்டால், அவரைத் திருப்பி அனுப்பும் செலவு பல நாடுகளில் கேப்டன் தலையில்தான் விழும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்றைக்கு அந்த நாட்டுக்குள் நுழைபவை இரண்டு: ஆட்கள் ஒன்று, படகு ஒன்று. ஆட்களைப் பார்ப்பது இமிகிரேஷன். படகைப் பார்ப்பது சுங்கம். சுங்கத்துக்கு உங்கள் படகு, வரி கட்டாமல் உள்ளே வந்து நிற்கும் ஒரு விலையுயர்ந்த பொருள். இரண்டுக்கும் தனித்தனிக் காகிதம், தனித்தனிக் கெடு. பிரச்சினையில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள்தான்.

வழியில் அழகான விரிகுடா ஒன்று வருகிறது. ஒரு ராத்திரி நங்கூரம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் துறைமுகத்துக்குப் போகலாமா?

வேண்டாம். ஒவ்வொரு நாடும் சில துறைமுகங்களை மட்டுமே நுழைவுத் துறைமுகமாக அறிவித்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் படகு முதலில் அங்கேதான் போக வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல். அதைத் தாண்டி 24 கடல் மைல் வரையிலும் சுங்கம், இமிகிரேஷன், சுகாதாரம் ஆகியவற்றுக்காகப் படகைத் தடுத்துச் சோதிக்கும் அதிகாரத்தை 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அந்நாட்டுக்குக் கொடுக்கிறது. படகு இருக்கும் இடத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவி, நீங்கள் எங்கே, எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதைக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அனுமதி வாங்கும் முன் வேறொரு படகோடு பக்கம் சேர்ந்து கட்டுவதும், எதையாவது கைமாற்றுவதும் கூடாது. பார்ப்பவருக்கு அது கடத்தலாகத்தான் தெரியும்.

உண்மையான ஆபத்து வேறு கதை. சுக்கான் உடைந்துவிட்டது, ஒருவருக்கு உடம்பு மோசம், புயல் துரத்துகிறது என்றால் ஒதுங்குவதற்கு அதே உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் ஒதுங்கிய நிமிடமே வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16இல் கூப்பிட்டு, யார், எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் நின்றீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நேரத்தோடு லாக் புத்தகத்திலும், அதாவது படகின் பயணக் குறிப்பேட்டிலும், எழுதுங்கள். யாரும் கரையில் கால் வைக்க வேண்டாம்.

மஞ்சள் கொடி எதற்கு? எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது?

சர்வதேசக் கொடி மொழியில் அது 'கியூ' கொடி. "என் படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறேன்" என்பது அதன் பொருள். அந்த நாட்டின் கடல் எல்லைக்குள் நுழையும்போது வலது பக்க ஸ்ப்ரெடருக்குக் (பாய்மரத்தின் குறுக்குக் கட்டை) கீழே, தூரத்திலிருந்தே தெரியும்படி ஏற்றுங்கள். பிரிட்டனில் 12 மைல் எல்லைக்குள் வந்ததுமே ஏற்றியிருக்க வேண்டும். எல்லா அனுமதியும் கிடைத்த பிறகு அதை இறக்கிவிட்டு, அதே இடத்தில் அந்த நாட்டின் கொடியை ஏற்றுவது மரியாதை. அந்த நாட்டுக் கொடி கிழிந்தோ வெளுத்தோ தலைகீழாகவோ இருந்தால் மனம் புண்படுவார்கள். புதிதாகவே ஒன்று வாங்கி வையுங்கள்.

மஞ்சள் நிறத்துக்குப் பின்னால் பழைய பயம் ஒன்று இருக்கிறது. பிளேக் காலத்தில், 1377இல், இன்று துப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா நகரம் நோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 நாளானது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'குவாரன்டைன்'. கப்பலில் வரும் நோய்தான் துறைமுகங்களின் முதல் கவலையாக இருந்தது. இன்றும் பல இடங்களில் முதலில் படகுக்கு வருபவர் சுகாதார அதிகாரிதான்.

வருவதை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

நிறைய நாடுகளில் கட்டாயம். நியூசிலாந்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் குறைந்தது 12 மணி நேரம். பிரிட்டனுக்கு நீங்கள் கிளம்பும் முன்பே இணையவழிப் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நடுக்கடலில் இணையம் இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், ஆனால் அதைச் சாக்காக ஏற்பதில்லை. ஆகவே கிளம்பும் துறைமுகத்திலிருந்தே அனுப்பிவிடுங்கள். காற்று ஏமாற்றி இரண்டு நாள் தாமதமானால், ரேடியோ அல்லது செயற்கைக்கோள் தொலைபேசி வழியாகப் புதிய நேரத்தைச் சொன்னால் போதும். தாமதத்துக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் வந்து நிற்பதுதான் குற்றம்.

அனுப்பிய அறிவிப்பின் நகலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் மின்னஞ்சல் வந்திருந்தால் அதையும்.

எந்த நேரத்தில் போய்ச் சேர்வது நல்லது?

வேலை நாள், காலை. மாலையிலோ விடுமுறையிலோ வந்தால் பல இடங்களில் அதிகாரிகளின் கூடுதல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அது முறையான கட்டணம்தான். ராத்திரி போய்ச் சேரும்படி இருந்தால் வெளியிலேயே வேகத்தைக் குறைத்து விடியலுக்காகக் காத்திருப்பேன். தெரியாத துறைமுகத்தில் இருட்டில் நுழைவது எப்படியும் நல்லதல்ல. குவாரன்டைன் நங்கூர இடம் என்று வரைபடத்தில் குறித்திருந்தால் அங்கே நின்று, மஞ்சள் கொடியோடு படகிலேயே காத்திருக்கலாம்.

படகின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டுபவர்கள் படிவத்தில் நேற்றைய தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி எழுத நேர்கிறது.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

முதலில் படகின் பதிவுச் சான்றிதழ், அசல். நகலை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். படகு உங்கள் பெயரில் இல்லாமல் நிறுவனத்தின் பெயரிலோ நண்பர் பெயரிலோ இருந்தால், இதை ஓட்டிப் போக உங்களுக்கு அனுமதி உண்டு என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். நோட்டரி முத்திரையோடு இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகள், குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி, காலிப் பக்கங்களோடு. முந்தைய துறைமுகத்தில் கொடுத்த வெளியேற்ற அனுமதி. காப்பீடு. ரேடியோ உரிமம். நீங்கள் படகு ஓட்டத் தகுதி பெற்றவர் என்பதற்கான சான்றிதழ். ஐரோப்பாவில் இதை அடிக்கடி கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துப் படகு என்றால் அதற்கு 'வாட்' எனும் மதிப்புக் கூட்டு வரி கட்டியதற்கான ஆதாரம். மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதியிலிருந்து வந்தால் தடுப்பூசிச் சான்று. 2016 ஜூலை முதல் இது வாழ்நாள் முழுக்கச் செல்லும், பழைய பத்தாண்டுக் கணக்கு இப்போது இல்லை. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம்.

இனி எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று: ரப்பர் ஸ்டாம்ப். படகின் பெயர், பதிவு எண், பதிவான துறைமுகம் இருந்தால் போதும். கேப்டன் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த முத்திரை விழுந்தால் பல அலுவலகங்களில் காகிதம் சட்டென நகரும். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் முத்திரைக்குப் பழகிய அலுவலகத்தில் முத்திரையில்லாத தாள் அரைகுறையாகத் தெரிகிறது. கூடவே சொந்தப் பேனா, எல்லாவற்றுக்கும் நாலைந்து நகல். இவையெல்லாம் நீர் புகாத ஒரே கோப்பில் இருக்கட்டும், அலுவலகத்துக்கு டிங்கி எனும் சின்னத் துணைப் படகில்தான் போகப் போகிறீர்கள்.

குரூ லிஸ்ட் என்கிறார்களே, அதில் என்ன இருக்க வேண்டும்?

படகில் இருக்கும் எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், படகில் என்ன பொறுப்பு என்பது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் இதற்கென்று ஒரு பொதுப் படிவம் இருக்கிறது, அதில் 5ஆம் எண் படிவம். அதே வடிவத்தில் கணினியில் தயார் செய்து பத்துப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். எங்கும் ஏற்பார்கள்.

எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்து சரிபாருங்கள். ஒருமுறை எங்கள் பட்டியலில் ஒருவருடைய பாஸ்போர்ட் எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்திருந்தது. முதல் இரண்டு அலுவலகங்களில் யாரும் கவனிக்கவில்லை, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது அலுவலகத்தில் ஓர் அம்மா விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்து, சரியாக அந்த 8இல் நிறுத்தினார். முத்திரை விழுந்த தாள்கள் அத்தனையையும் ரத்து செய்து, முதல் அலுவலகத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். அவர் செய்தது சரியான வேலை. அந்த நாள் முழுதும் போனது எங்கள் கவனக்குறைவால்.

உடன் வரும் நண்பர்களைப் பயணி என்று எழுதுவதா, பணியாளர் என்று எழுதுவதா என்றும் கேட்கிறார்கள். பணம் வாங்காமல் வருபவர்களைக் குரூ என்று எழுதுவதுதான் வழக்கம். பயணி என்று எழுதினால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் படகு என்ற சந்தேகம் வரும்.

போய்ச் சேர்ந்ததும் சரியாக என்ன நடக்கும்?

துறைமுகத்துக்கு வெளியிலிருந்தே ரேடியோவில் கூப்பிடுங்கள். எங்கே கட்டுவது, எங்கே நங்கூரம் போடுவது என்று சொல்வார்கள். பெரும்பாலான நாடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். அதிகாரிகள் படகுக்கு வருவார்கள். இல்லாவிட்டால் கேப்டன் மட்டும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார். 'கேப்டன் மட்டும்' என்பதை அப்படியே கடைப்பிடியுங்கள். மூன்று வாரம் கடலில் இருந்தவருக்குக் கரையில் நாலடி நடந்து பார்க்கத் தோன்றும். கயிறு கட்ட இறங்கியவர் உடனே ஏறிவிட வேண்டும்.

அதிகாரிகள் வரும் காலைப் பொழுதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், முதல்முறை போகிறவர்களுக்கு இதில்தான் பதற்றம் அதிகம். படகைக் கட்டியதும் மோதுதாங்கிகளை வெளிப்பக்கமும் தொங்கவிடுங்கள், அவர்கள் படகிலும் வரக்கூடும். காக்பிட்டில் (படகை ஓட்ட உட்காரும் திறந்த இடம்) கிடக்கும் கயிறுகளைச் சுருட்டி வையுங்கள். குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏறி வரும்போது ஒரு கையை நீட்டுங்கள், ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று பல அதிகாரிகள் அவர்களே கேட்பார்கள். உள்ளே மேசையைத் துடைத்துக் காலியாக வைத்தால் ஒருவர் உட்கார்ந்து படிவம் எழுதுவார். இன்னொருவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார், பாத்திர அலமாரியைத் திறப்பார், இருக்கைக்குக் கீழே உள்ள மூடியைத் தூக்கி டார்ச் அடிப்பார். சில இடங்களில் மோப்ப நாயும் வரும். "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நீங்களே திறந்து காட்டுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்த அனுபவமும் உண்டு, அரை நாள் ஆனதும் உண்டு.

அலுவலகங்கள் தனித்தனியாக இருக்கும் ஊரில் வரிசை முக்கியம். சுகாதாரம், இமிகிரேஷன், சுங்கம், துறைமுக அலுவலகம் என்று போவது பரவலான முறை. ஆனாலும் முதல் அலுவலகத்திலேயே அடுத்து எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் முத்திரை இல்லாமல் அடுத்தது நகராது.

என் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் விசா தேவையில்லை. பிறகு என்ன கவலை?

எந்த வழியில் வந்தால் தேவையில்லை என்று பாருங்கள். மிகப் பலர் ஏமாறும் இடம் இது. அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டம், ஒப்பந்தம் செய்துகொண்ட விமான, கப்பல் நிறுவனங்கள் வழியாக வருபவர்களுக்குத்தான். சொந்த யாட்டில் வருபவருக்கு அது பொருந்தாது, முறையான வருகை விசாவை முன்பே வாங்கியிருக்க வேண்டும். விமானத்தில் பத்து முறை விசா இல்லாமல் போய்வந்தவர் யாட்டில் வந்து மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் படகில் வந்து இறங்கியபின் விசா வாங்கலாம் என்ற பேச்சே இல்லை, முன்பே கையில் இருக்க வேண்டும். மின்விசா கொடுக்கும் பல நாடுகளிலும் அது குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும். உங்கள் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எதில் நுழைகிறார்களோ அதிலேயே வெளியேறட்டும்.

படகில் மிச்சமிருக்கும் உணவுப் பொருட்களை என்ன செய்வது?

நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டும் இதில் மிகக் கண்டிப்பு. பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி, முட்டை, தேன், முளைக்கக்கூடிய விதை எல்லாம் போய்விடும். கடைசி வாரச் சமையலை அதற்கேற்பத் திட்டமிட்டுத் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைக் கரைக்குப் பக்கத்தில் கடலில் வீசவும் வேண்டாம், அதுவும் குற்றம். ஒரு பையில் போட்டு எடுத்து வைத்து, வருபவரிடம் காட்டுங்கள். மரச் சாமான்கள், கிளிஞ்சல், உலர்ந்த பூ, மண் ஒட்டிய காலணி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். படகில் கரையான் அறிகுறி இருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் தனித்தீவாக வளர்ந்த நிலத்தில் ஒரு பழ ஈ புகுந்தால் தோட்டக்காரர்களின் வாழ்வே போய்விடும். எனக்கு இந்த விதியில் முழு உடன்பாடு.

படகின் அடிப்பாகத்தைக்கூடச் சோதிப்பார்களாமே?

ஆமாம். அடியில் ஒட்டிக்கொண்டு வரும் சிப்பி, பாசி, கொட்டலசு மூலமாக அந்நிய உயிரினங்கள் பரவுகின்றன. 2018 மே முதல் நியூசிலாந்து இதற்குக் கட்டாய விதி வைத்திருக்கிறது. அடியைச் சுத்தம் செய்ததற்கும் பூச்சு அடித்ததற்கும் ரசீது, தேதி தெரியும் புகைப்படங்கள் வைத்திருங்கள். ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் நீர்மூழ்குபவர்கள் அடியில் இறங்கிப் பார்ப்பார்கள். அழுக்காக இருந்தால் திரும்பக் கடலுக்குப் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வரச் சொல்வார்கள். வரும் வழியில் தண்ணீருக்குள் கேமராவை விட்டு நீங்களே ஒருமுறை பார்த்துவிடலாம், சுக்கான் இடுக்கும் ப்ரொப்பெல்லரும் மறந்துபோகும் இடங்கள்.

நாய், பூனை இருந்தால்?

மிக முன்னதாகத் தொடங்குங்கள், மாதக் கணக்கில். மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, அதன் பிறகு இரத்தப் பரிசோதனை. எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. இவை எல்லாம் இருந்தும் கரையில் இறக்க அனுமதி கிடைக்காத நாடுகள் உண்டு. அங்கே விலங்கு படகிலேயே பூட்டி இருக்க வேண்டும், தப்பி ஓடினால் கேப்டனுக்குத் தண்டனை. உங்கள் பயணப் பாதையைச் செல்லப்பிராணியின் விதிகளைப் பார்த்து வரைவதுதான் நல்லது. பாதை வரைந்த பிறகு விதியைப் பார்ப்பவர்கள் மனம் நொந்துதான் போகிறார்கள்.

மது, மருந்து, துப்பாக்கி, பணம்: எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். படிவத்தில் எழுதிக் கொடுத்த பொருளால் வரக்கூடிய அதிகபட்ச நஷ்டம் அந்தப் பொருள் போவதுதான். எழுதாத பொருளால் படகே போகலாம்.

மதுவும் புகையிலையும் அளவுக்கு மேல் இருந்தால் வரி கேட்பார்கள், அல்லது படகிலேயே ஓர் அலமாரியில் வைத்து சீல் வைத்துவிட்டுப் போவார்கள். வெளியேறும் வரை அந்த சீலைத் தொடக் கூடாது. முதலுதவிப் பெட்டியில் நீண்ட பயணத்துக்காக வைத்திருக்கும் வலுவான வலி மருந்துகள் பல நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் வரும். மருத்துவரின் சீட்டோடு, அசல் பெட்டியிலேயே, எண்ணிக்கை எழுதி வையுங்கள். துப்பாக்கி இருந்தால் நாடு விட்டுப் போகும் வரை சுங்கமோ காவல்துறையோ வாங்கி வைத்துக்கொள்வது சாதாரணம். நுழைந்த துறைமுகத்துக்கே திரும்பி வந்து வாங்க வேண்டியிருக்கும், பயணத் திட்டமே அதனால் கெட்டுவிடும். ரொக்கம் அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவை எட்டினாலும் சொல்ல வேண்டும்.

சாதாரணமாகத் தோன்றும் கருவிகளிலும் கவனம். மொராக்கோவுக்குள் ட்ரோன் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசி கடுமையான குற்றம்.

எவ்வளவு நாள் தங்கலாம்?

முன்பே சொன்னேனே, படகுக்கு ஒரு கெடு, ஆளுக்கு ஒரு கெடு. ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின், வெளியே பதிவான யாட் அங்கே 'வாட்' கட்டாமல் 18 மாதம் வரை இருக்கலாம். ஆனால் படகின் சொந்தக்காரர் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். படகு மெரினாவில் சட்டப்படி நிற்கும், சொந்தக்காரர் சட்டப்படி வெளியேறியாக வேண்டும். படகை ஒன்றியத்துக்கு வெளியே, உதாரணமாகத் துருக்கிக்கோ மாண்டினீக்ரோவுக்கோ கொண்டுபோய்த் திரும்பி வந்தால் படகின் 18 மாதம் புதிதாகத் தொடங்கும். ஆளின் கணக்கு அப்படி அழியாது, அது உருண்டுகொண்டே வரும். பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சில நாட்டுக் கொடியுள்ள யாட்டுகளுக்கு ஓராண்டு வரை செல்லும் சுற்று உரிமம் கொடுக்கிறார்கள். அது இருந்தால் ஒவ்வொரு துறைமுகத்திலும் முழு நடைமுறையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வரைபட மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். படகுக்குக் கெடு தாண்டினால் இறக்குமதி வரி, ஆளுக்குத் தாண்டினால் அபராதமோ நுழைவுத் தடையோ.

வழியில் ஒருவர் இறங்கி விமானத்தில் போகிறார், இன்னொருவர் வந்து சேர்கிறார். என்ன செய்வது?

இறங்குபவரை இமிகிரேஷனுக்குக் கூட்டிப்போய் குரூ லிஸ்டிலிருந்து முறையாக நீக்குங்கள். இல்லாவிட்டால் அவர் படகோடு வந்தவர், படகோடுதான் போக வேண்டும் என்று கணக்கில் நிற்கும். நீங்கள் வெளியேறும்போது ஓர் ஆள் குறையும். வந்து சேர்பவர் ஒருவழி டிக்கெட்டில் விமானம் ஏறப் போனால் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, இவர் இதில்தான் நாட்டை விட்டுப் போகிறார் என்று கேப்டன் கையெழுத்திட்ட கடிதத்தையும் பதிவுச் சான்றிதழின் நகலையும் அவருக்கு முன்பே அனுப்புங்கள். நான் சொன்ன ரப்பர் ஸ்டாம்ப் இங்கேயும் உதவும்.

அலுவலக வேலைகளை நமக்காகச் செய்துதரும் உள்ளூர் ஏஜெண்ட் வைக்க வேண்டுமா?

சில இடங்களில் கட்டாயம், கலாபகோஸ் அப்படித்தான். மற்ற இடங்களில் உங்கள் விருப்பம். மொழி தெரியாத நாடு, அலுவலகங்கள் ஊருக்கு நாலு மூலையில் என்றால் நல்ல ஏஜெண்ட் பெரிய நிம்மதி. அரசுக் கட்டணம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜெண்ட் இருந்தாலும் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

அதிகாரி ரசீது இல்லாமல் பணம் கேட்டால்?

பணிவாக ரசீது கேளுங்கள். கோபம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். "என் லாக் புத்தகத்தில் ஒட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சு நின்றுவிடும். நாளைக்கு வரட்டுமா என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும். ஒருவர் கொடுத்தால் அடுத்து வரும் யாட் எல்லாவற்றிடமும் கேட்பார்கள். வந்தவருக்குத் தண்ணீரோ தேநீரோ கொடுப்பது விருந்தோம்பல், அதில் தவறில்லை.

எல்லாம் இப்போது மொபைலிலேயே முடிந்துவிடுகிறதாமே?

சில இடங்களில் உண்மை. அமெரிக்காவில் சுங்கத்துறையின் செயலி வழியாக வருகையை அறிவிக்கலாம். கனடாவில் கேப்டன் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னால் ஓர் எண் கொடுப்பார்கள், அதுதான் உங்கள் அனுமதிக்கான சான்று, பத்திரமாக எழுதி வையுங்கள். கரீபியனில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் குறிப்பிட்ட இடங்களில் வைத்திருக்கும் கணினியில் நீங்களே விவரம் நிரப்பி, அச்செடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் நேரில் வரச் சொல்லும் உரிமை அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு. திரையில் வந்த பதிலை அச்செடுத்தோ படமெடுத்தோ வையுங்கள்.

தெரியாமல் தவறு செய்துவிட்டேன். கரையில் இறங்கிவிட்டேன், அல்லது அறிவிக்க மறந்துவிட்டேன். இப்போது?

அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நேரம், இடம், காரணம் எல்லாம் அப்படியே. அபராதம் வரலாம், வராமலும் போகலாம். லாக் புத்தகத்தைத் திருத்தி மட்டும் எழுதாதீர்கள். ஏ.ஐ.எஸ். பதிவு வேறு கதை சொன்னால், சின்னத் தவறு பொய் வாக்குமூலமாகிவிடும்.

போகும்போதும் அனுமதி வாங்க வேண்டுமா?

ஆமாம், பெரும்பாலான நாடுகளில். மத்திய, தென் அமெரிக்காவில் இந்தக் காகிதத்தை 'சார்ப்பே' என்பார்கள், அது இல்லாமல் அடுத்த நாட்டில் நுழைவது பெரும் சிரமம். ஆட்களின் பாஸ்போர்ட்டில் வெளியேற்ற முத்திரை, படகுக்குத் துறைமுக அனுமதி, சீல் வைத்த அலமாரி இருந்தால் அதைச் சுங்கம் பார்த்துவிட்டுப் போவது, துப்பாக்கியைத் திரும்ப வாங்குவது எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும். அனுமதி கொடுத்தபின் 24 மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. வானிலையை முதலில் பாருங்கள், அப்புறம் அலுவலகத்துக்குப் போங்கள். முத்திரை வாங்கிய பிறகு காற்று மாறிவிட்டால் சும்மா நின்றுகொண்டிருக்காமல், திரும்பப் போய்ச் சொல்லிப் புதிய தேதி வாங்குங்கள்.

காகிதத்தில் அடுத்த துறைமுகத்தின் பெயர் எழுதியிருக்கும். அது நீங்கள் உண்மையில் போகப்போகும் துறைமுகம்தானா, படகின் பெயரில் எழுத்துப் பிழை இல்லையா, தேதி சரியா என்று அலுவலகக் கதவைத் தாண்டும் முன் அங்கேயே நின்று படியுங்கள். கடலுக்குப் போன பிறகு அதைத் திருத்த ஆள் கிடையாது.